பத்மா மச்சாளின் அப்பக் கடையில் ஐந்து காலைகள்

மச்சாளுக்குச் சொல்லவேண்டிய பொய்யை விமானத்திலேயே நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "அண்ணைக்குக் கொஞ்சம் சுகமில்லை. பயப்பிட ஒண்டுமில்லை. ஒருக்கா வந்து பாத்திட்டுப் போனால் அவருக்கும் சந்தோசம்." யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் எல்லாரும் கூடியிருந்து செதுக்கிக் கொடுத்த வசனம் இது. நேரே சொல்லிப்போடாதே, தனிய இருக்கிற மனுசி, நெஞ்சு வெடித்துப்போகும் என்று ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். இந்த விஷயத்தில் எங்கள் சனத்தை அடிக்க ஆளில்லை. செத்த வீட்டுக்குக் கூட்டிப்போகும்போதும் "கொஞ்சம் கடுமையாம்" என்று சொல்லித்தான் வான் வண்டியில் ஏற்றுவோம்.

என் அண்ணைக்கு ஈரல் பழுதாகி வயிற்றில் தண்ணீர் கட்டியிருந்தது. இத்தாலியில், பலர்மோவில் இருக்கும் மனைவி பத்மா மச்சாளுக்குப் போனில் முகம் காட்டமாட்டேன் என்று ஒரே அடம். குரலை மட்டும் கொடுப்பார், அதுவும் இரண்டு சொல். போனை வைத்ததும் எங்களிடம் கேட்பார்: "பத்மா வாறாளோ?" அந்தக் கேள்விக்குப் பதில் கொண்டுவரத்தான் என்னை அனுப்பினார்கள். கையோடு கூட்டிக்கொண்டு வா என்பது கட்டளை.

நான் முப்பது வருடம் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளனாக இருந்தவன். பலர்மோ என்னைப் போன்றவன் வரவேண்டிய ஊரே இல்லை. பஸ் தரிப்பில் பலகை இருக்கிறது, பலகையில் இலக்கம் இருக்கிறது, பஸ் மட்டும் இல்லை. அரை மணித்தியாலம் நின்று, பக்கத்தில் நின்ற கிழவியிடம் கைச்சாடையில் கேட்டேன். அவர் சொன்னதைப் பிறகு மச்சாள் தமிழில் சொன்னார்: "கடவுள் விரும்பினால் வரும். நேற்று விரும்பவில்லை."

முதல் காலை ஞாயிற்றுக்கிழமை. பல்லரோச் சந்தைக்குப் பின்பக்கம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டிய ஒழுங்கை. அதில் ஓர் இரும்புக் கதவு, பெயர்ப்பலகை கிடையாது. இருபத்திமூன்று வருடமாக மச்சாள் அங்கே அப்பம் சுடுகிறார். முதலில் அண்ணையும் சேர்ந்துதான் நடத்தினார்கள். குளிர் முழங்காலில் இறங்கிவிட்டது என்று அண்ணை ஊருக்குத் திரும்பி ஒன்பது வருடம். "நீங்கள் போங்கோ, நான் அடுத்த வருசம் வாறன்" என்று மச்சாள் சொல்லியும் ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை.

சுவரில் ஒரு கரும்பலகை. அப்பம், பாலப்பம், முட்டையப்பம். கட்டைச் சம்பல், சீனிச் சம்பல். ஞாயிறு தோசை. வெள்ளி முட்டை இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே, யாரோ வாடிக்கையாளரின் மகள் எழுதிய இத்தாலியன். அடுப்பில் ஆறு தாச்சி. ஐந்தில் எல்லாம் சுடலாம். ஆறாவது தாச்சியில் முட்டை பட்டதே இல்லை. விரதகாரருக்கு மட்டும் என்று தனியாக வைத்திருக்கிறார். அதன் கைப்பிடியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஊரில் கள்ளு விட்டு மா புளிக்கவைப்போம். இங்கே பேக்கரி ஈஸ்ட். வாயில் வைத்தால் வித்தியாசம் தெரியாது என்று மச்சாள் சொன்னார். தெரிந்தது. ஆனாலும் ஏழு அப்பம் சாப்பிட்டேன்.

எதிர்க்கடையில் பலர்மோக்காரர் ஐஸ்கிறீமைப் பாணுக்குள் வைத்துக் காலைச் சாப்பாடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், தை மாதக் குளிரில்! அதில் ஒருவர், ஓய்வுபெற்ற மீன்காரர், எழுந்து வந்து ஒரு பாலப்பம் வாங்கிக் கட்டைச் சம்பலைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினார். "இதைக் காலையில் தின்கிறவன் நூறு வயது இருப்பான், இல்லாவிட்டால் இன்றைக்கே போவான்" என்று பக்கத்தவருக்குச் சொன்னதாக மச்சாள் மொழிபெயர்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

கடை ஓய்ந்ததும் என் வசனத்தை ஒப்புவித்தேன். மச்சாள் மா வாளியைக் கழுவியபடி கேட்டார். அறுபதைத் தொடும் வயது, நெற்றியில் ஒரு ரூபாக் குற்றியளவு பொட்டு, முழங்கை வரை எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு.

"உண்மையைச் சொல்லு ராசன். எப்பிடி இருக்கிறார்?"

"கொஞ்சம் களைப்பு. மற்றும்படி நல்லாயிருக்கிறார்."

"சாப்பிடுறவரோ?"

"நான் வெளிக்கிடேக்கை மூண்டு இடியப்பம் சாப்பிட்டவர்."

மூன்று இடியப்பம்! கரண்டிக் கஞ்சி இறங்காத மனுசனுக்கு நான் மூன்று இடியப்பம் ஊட்டினேன். நாக்கு ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

மச்சாளின் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப வெள்ளிக்கிழமை வெளிக்கிடுவம். வியாழக்கிழமை குவெஸ்தூராவிலை, பொலிஸ் கந்தோரிலை, கைரேகை குடுக்கோணும், பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க. மாசக்கணக்காக் காத்திருந்து வந்த திகதி. அதைக் குடுக்காமல் போனால் திரும்பி வரேலாது. நாலு நாள்தானே?"

"நாலு நாள்தானே" என்று நானும் சொன்னேன்.

அன்று பின்னேரம் என் மனைவி அழைத்தாள். டாக்டர் ஒரு கிழமை சொல்லியிருக்கிறார், அதுவும் கூடினால் என்றாள். மச்சாள் உள்ளே மா அரித்துக்கொண்டிருந்தார். நான் ஒழுங்கைக்கு வந்து குரலைத் தாழ்த்திப் பேசினேன். "வெள்ளி வெளிக்கிடுறம்" என்றேன். மனைவி போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமைதான் கடையின் உண்மையான முகத்தைப் பார்த்தேன். விடிய ஐந்து மணிக்குக் கதவைத் தூக்கினால் வெளியே பன்னிரண்டு, பதினைந்து பேர். எல்லாரும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். யாழ்ப்பாணத்துச் சனம் பாதி, மொரிசியஸ் தமிழர் பாதி. பொலிதேயாமாப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கிழவிகளைக் குளிக்கவார்க்கவும் நிலம் துடைக்கவும் ஏழு மணிக்கு நிற்கவேண்டும். "சில வீட்டுச் சிஞ்ஞோரா தங்கம். சிலது தேத்தண்ணியும் தராது. இஞ்சை சாப்பிடாட்டில் பின்னேரம் மூண்டு மணி மட்டும் பச்சைத்தண்ணி" என்று செல்வம் என்ற பெண் எனக்கு விளக்கம் சொன்னாள். பதினேழு வருடமாக அதே மூலைக் கதிரையில் இருக்கிறவளாம்.

மொரிசியஸ்காரி லீலாவையும் அன்றுதான் கண்டேன். மகளுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்து தப்பியதற்காகத் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்திருந்தாள். பத்து நாள் விரதத்தில் நாலாம் நாள். கையில் காப்பு. தமிழ் நாலு சொல்தான் தெரியும். மச்சாளோடு இத்தாலியனில் கதைத்தாள். மஞ்சள் துணி கட்டிய தாச்சியில் சுட்ட இரண்டு வெள்ளை அப்பம், வெங்காயம் போடாத சம்பல். அவள் காலையில் வேறெங்கும் கை நனைப்பதில்லை என்று மச்சாள் பெருமையாகச் சொன்னார்.

அன்று முழுக்கச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், மச்சாள் அண்ணையைப் பற்றி ஏதாவது சிரித்துச் சொல்வார், மூடிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை சொல்லியே தீருவது என்று முடிவெடுத்தேன். கடை மூடியதும் மச்சாள் என்னைப் பொலிதேயாமாவுக்குக் கூட்டிப்போனார், அண்ணைக்குக் கம்பளிக் காலுறை வாங்க. போகும் பஸ் பாதி வழியில் புகை கக்கி நின்றது. சாரதி இறங்கிப் போய் கோப்பி குடித்தான். எங்கள் டிப்போவில் இப்படி நடந்திருந்தால் விசாரணை வைத்திருப்பேன். இங்கே ஒருவரும் முணுமுணுக்கக்கூட இல்லை. ஒரு மனுசி பையிலிருந்து தோடம்பழம் எடுத்து உரித்து எங்களுக்கும் இரண்டு சுளை தந்தாள். நின்ற பஸ்ஸுக்குள், பக்கத்தில் பக்கத்தில், இருபது நிமிடம். சொல்ல இதைவிட இடம் கிடைக்குமா? தொண்டையைச் செருமினேன்.

"அவருக்கு எப்பவும் கால்தான் குளிரும். பத்தாம் நம்பர் காணும் என்ன?" என்று மச்சாள் கேட்டார்.

அண்ணையின் கால் அப்போது வீங்கி வாழைத்தண்டு மாதிரிக் கிடந்தது. எந்த நம்பரும் ஏறாது.

"காணும் மச்சாள்" என்றேன்.

சாம்பல் நிறத்தில் இரண்டு சோடி வாங்கினார்.

புதன்கிழமை ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது என் போன் அடித்தது. நான் சம்பலைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தேன். மச்சாள் தாச்சியைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தார். என் மகன் காந்தன். "அப்பா, பெரியப்பா மோசம் போயிட்டார்." அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

நான் போனை இறக்கினேன். மச்சாள் என் முகத்தைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை.

"எத்தினை மணிக்கு?"

"இப்பதான். ஒரு கால் மணித்தியாலம் முந்தி."

தாச்சியை அடுப்பில் வைத்து மூடினார். மூடிமேலேயே கை சுட்டுக்கொண்டிருந்தது, எடுக்கவில்லை. நான்தான் பிடித்து எடுத்தேன்.

"வெளியிலை எத்தினை பேர்?"

"மச்சாள், கதவைத் திறக்க வேண்டாம். துடக்கு. சாவுத் தீட்டு, உங்களுக்கும் துடக்கு, எனக்கும் துடக்கு. இந்தக் கையாலை சனத்துக்குச் சாப்பாடு குடுக்கிறதே?"

"தெரியும். அதுகள் வெறுவயித்தோடை போகுங்கள். பாவம் என்னைச் சேரட்டும். கதவைத் தூக்கு."

தூக்கினேன். என் கூடப்பிறந்தவன் அங்கே கிடக்க, நான் இங்கே அப்பம் வைத்த கோப்பைகளை நீட்டினேன். மச்சாள் சுட்டார், நான் கொடுத்தேன். செல்வம் மூலையில் இருந்து சிஞ்ஞோராவின் நாய்க்குக் காய்ச்சல் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் ஒருவருக்கும் தெரியாமல் முடிந்திருக்கும்.

லீலா வந்தாள். குளித்த ஈரத் தலை, நெற்றி நிறைய விபூதி. கையை நீட்டினாள்.

மச்சாள் அவளைப் பார்க்காமல், "இன்றைக்கு உனக்கு இல்லை" என்று இத்தாலியனில் சொன்னார்.

லீலா பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். மஞ்சள் துணித் தாச்சியைக் காட்டினாள். மா வாளியைக் காட்டினாள். "மா நிறைய இருக்கிறதே?"

"இல்லை என்றால் இல்லை. போ லீலா."

"நான் ஏதாவது பிழை விட்டேனா?" என்று அவள் கேட்டாள். குரல் உடைந்துபோயிற்று. மச்சாள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். எல்லோருக்கும் கொடுத்து விரதகாரிக்கு மட்டும் இல்லை என்றால், துடக்கு என்று எங்கள் சனத்துக்கு விளக்கவேண்டியதில்லை. செல்வத்தின் கை வாய்க்கும் கோப்பைக்கும் நடுவில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு மச்சாளைப் பார்த்தாள்.

"ஆரக்கா?" என்றாள்.

"அவர்தான்."

யாரோ "ஐயோ" என்றார்கள். ஒருத்தி ஓடிப்போய் வெளிக் குழாயில் வாயைக் கொப்பளித்தாள். இன்னொருவர் கோப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். செல்வம் எழுந்து நின்று அழுதாள், அழுதபடியே ஏசினாள். "சொல்லியிருக்கலாமேயக்கா! இண்டைக்கு என்ரை அப்பான்ரை திவசம். பின்னேரம் படைக்கப்போறன். இந்த வாயோடை எப்பிடிப் படைக்கிறது?" மச்சாள் அடுப்பை அணைத்தார். ஓர் ஆள் மட்டும் நின்ற நிலையிலேயே தன் அப்பத்தை முழுவதும் சாப்பிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். லீலா படியில் நின்று மச்சாளை நோக்கிக் கை கூப்பினாள், தொடாமல். பிறகு வெறுவயிற்றோடு வேலைக்குப் போனாள்.

கதவை இறக்கினோம். மச்சாள் நிலத்தில் இருந்தார்.

"சனிக்கிழமை நீ வந்தனீ. அப்ப அவர் உண்மையிலை எப்பிடி இருந்தவர்?"

சொன்னேன். வயிறு, கால், கஞ்சி, எல்லாம்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஞாயிற்றுக்கிழமை, ஒரு கிழமை எண்டு சொன்னவராம்."

"ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தெரியும்."

"ஓம்."

"திங்கள் ஏறியிருந்தால் செவ்வாய் பின்னேரம் போய்ச் சேந்திருப்பன். உயிரோடை பாத்திருப்பன் என்ன?"

"ஓம் மச்சாள்."

"கைரேகை கிடக்கட்டும் எண்டு எறிஞ்சுபோட்டு வந்திருப்பன்ரா. நீ சொல்லியிருந்தால் வந்திருப்பன்."

என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும்போல் இருந்தது. அழுகை வந்தது, ஆனால் அழ எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது. அவர் என்னை ஏசவில்லை. எழுந்துபோய் மிச்ச மாவைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஊற்றினார், வாளி வாளியாக.

ஊரில் இருந்து மறுபடி அழைத்தார்கள். தண்ணீர் கட்டிய உடம்பு, வைத்திருக்க ஏலாது, நாளைக்கே எடுக்கவேண்டும் என்றார்கள். எப்படிப் பறந்தாலும் போய்ச்சேர முடியாது. பிள்ளையில்லாத அண்ணைக்குக் கொள்ளி வைக்கவேண்டியவன் நான். நானும் இங்கே. என் மகன் வைக்கட்டும் என்று முடிவானது. மனைவியைக் கூட்டிவர அனுப்பிய ஆளாலேயே தம்பியும் இல்லாமல் மனைவியும் இல்லாமல் போகிறது அந்தப் பிணம். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை மழை தூறியது. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே குவெஸ்தூராவுக்குப் போனோம். "இனி எதுக்கு மச்சாள் கைரேகை?" என்று கேட்டேன். "அவர் இல்லாத வீட்டிலை நான் போய் என்ன செய்ய? இஞ்சைதானே இருக்கோணும்" என்றார். நடைபாதையில் வரிசை நீண்டு கிடந்தது. முன்பக்கத்தில் லீலா நின்றாள். விடிய வந்து மச்சாளுக்கு இடம் பிடித்திருக்கிறாள். எங்களைக் கண்டதும் இடத்தை விட்டு விலகி, விரதம் கெடாத தூரத்தில் போய் நின்றாள். மச்சாள் அந்த இடத்தில் போய் நின்றார்.

அங்கே ஒரு மணி, இங்கே எட்டரை. ஐயர் பிந்தியதால் அப்போதுதான் பிணத்தை எடுக்க வெளிக்கிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பரமு அங்கே வீடியோ அழைப்பில் போனைப் பிடித்திருந்தார். மச்சாள் என் போனை இரண்டு கையாலும் ஏந்தி, முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். நான் குடை பிடித்தேன். அண்ணையின் முகத்தைக் கண்டதும் அவர் அழுவார் என்று நினைத்தேன். "இவ்வளவு மெலிஞ்சவரே" என்று மட்டும் கேட்டார். பிறகு பாடை எழும்பியது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு வாசல் படலை வரைக்கும் வந்தார்கள். என் மனைவி அங்கே நின்றுவிட்டாள். எங்கள் ஊரில் பெண்களுக்கு எல்லை அதுதான். கட்டினவளும் படலையோடு திரும்பவேண்டும். பரமு போனோடு நடந்துகொண்டே இருந்தார்.

"குடுங்கோ மச்சாள். இனிப் பாக்கக் கூடாது."

"விடு."

விட்டேன். எந்த முகத்தோடு தடுப்பேன்?

சுடலை. விறகு அடுக்கியிருந்தது. என் மகன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றினான். ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் கொத்த, தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. அந்தத் தோள் என்னுடையதாக இருந்திருக்கவேண்டும். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஆப்பிரிக்கப் பெண் எட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். காந்தன் முதுகுப்பக்கமாகக் கையை நீட்டிக் கொள்ளி வைத்தான். புகை வந்தது. பிறகு நெருப்பு.

எல்லாரும் திரும்பினார்கள். காந்தன் பரமுவிடம் போனை வாங்கினான். அவன் முகம் மட்டும் தெரிந்தது, கண்ணெல்லாம் சிவந்து.

"முடிஞ்சுது பெரியம்மா."

"ஏன் எல்லாரும் போறியள்? அவர் இன்னும் எரியுறார்."

காந்தன் என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தான். நான் குனிந்து சொன்னேன். "அதுதான் முறை மச்சாள். கொள்ளி வைச்சவன் நிண்டு பாக்கக் கூடாது. திரும்பிப் பாராமல் போகோணும்."

"எனக்கு ஆர் சொன்னது? நான் எப்ப அங்கை போனனான்?"

"பெரியம்மா, என்னாலை திரும்பேலாது" என்று காந்தன் அழுதான்.

"நீ திரும்பாதை பிள்ளை. நீ நேரை பாத்துப் போ. போனை மட்டும் பின்னுக்குத் திருப்பிப் பிடி."

படம் ஒருமுறை ஆடியது. வானம் வந்தது, அவன் காது வந்தது, பிறகு நெருப்பு வந்தது. அவன் நடக்க நடக்க அது குலுங்கியபடி சிறுத்துக்கொண்டே போனது. உள்ளேயிருந்து இலக்கம் கூப்பிட்டார்கள், எங்களுடையது. லீலா பின்னால் நின்றவர்களைக் கையால் முன்னே போகச் சொன்னாள். சுடலை ஒழுங்கை திரும்பும் இடத்தில் மதில் வந்து மறைக்கும் வரைக்கும் மச்சாள் பார்த்துக்கொண்டே நின்றார்.